ஐஸ் பெட்டி

மலாக்காவின் தனியார் பிரசவ மருத்துவமனை ஒன்றின் லிஃப்ட் இறங்குகிறது. விளக்கு துடிக்கிறது. நூர்தீன் கையிலுள்ள மஞ்சள் பையில் மனைவி ரஹீலாவின் நஞ்சுக்கொடி; சட்டைப்பையில், அதைக் கழுவி வீட்டு வாசலில் புதைக்க வாங்கிய உப்பு. எதிரே நீல ஐஸ் பெட்டியோடு தேவிஸ்ரீ, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக் கம்பெனிப் பெண். காலையில் தொப்புள்கொடி ரத்தம் கேட்டு வந்தவள் அவள்தான். "மண்ணுக்குள்ள போறதுதானே, அண்ணே? நாலு பேரு நோய் தீரும்லா" என்றாள். "பிள்ளையோட கூடப்பிறந்தது அது, முழுசாத்தான் புதைக்கணும்" என்று அவன் மறுத்துவிட்டான். இப்போது பையின் முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிறான். மூத்த மகள் பிறந்தபோது அவளுடைய கொடி கருநீலமாய்ப் புடைத்திருந்தது. இது வெளுத்துத் துவண்டு கிடக்கிறது. "இதுல இருந்த ரத்தம் எங்கம்மா?" "எனக்கு எப்படித் தெரியும்? நர்ஸைக் கேளுங்கண்ணே." "பெட்டியில என்ன?" "அது வேற ஒருத்தவங்களோடது." காலையிலிருந்து பிரசவ அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்த நூர்தீனுக்கு ஒரே ஒரு குழந்தையின் அழுகைதான் கேட்டது. லிஃப்ட் நின்று கதவு திறக்கிறது. வெளி வெயில் ஐஸ் பெட்டியின் மூடிமேல் விழுகிறது. தேவிஸ்ரீ அவன் முகத்தைப் பார்க்காமல், பெட்டியை அவனுக்கு எட்டாத கைக்கு மாற்றிக்கொள்கிறாள்.