கதவுக்கு வெளியே ஒருத்தி

பாத்ரூம் கதவில் உள்தாழ்ப்பாளைக் காணோம். திருகாணி கழற்றிய ஓட்டை மட்டும் பல்லைக் காட்டியது. கதவுக்கு வெளியே காவல்காரி மாதிரி அண்ணி.

"எழுந்துடாதீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. முக்காலி மேல காலைத் தூக்கி வைங்க."

உள்ளே இருந்தது அண்ணன். ஐம்பத்திரண்டு வயது மனுஷன். வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாளாகப் பார்க்கிறாள். விடிந்ததும் செம்பு நிறையத் தண்ணீர். பிறகு தெருவை நாலு சுற்று. அண்ணன் முணுமுணுத்தாலும் அண்ணி விடுவதில்லை. தட்டில் சோற்றைவிடக் காய்தான் அதிகம். சாப்பிட்ட கையோடு இந்தச் சிறைவாசம்.

இவளை சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து, வழி நெடுகப் பாடிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் விட்ட அண்ணன். என்ன குரல் அது! கல்லூரி முடித்த வருஷம் அவன் காதில் வேறு குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பாட்டு நின்றுபோயிற்று.

"அண்ணனை நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி. மிச்ச நாளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக.

அண்ணி கோபப்படவில்லை. மனசுக்கான மாத்திரை வயிற்றைக் கட்டிவிடுமாம். போன வருஷம் ஒன்பது நாள் வெளிக்குப் போகாமல் இருந்தும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு மாத்திரை எதற்கு, முதலில் தண்ணீர், நடை, காய், தினமும் ஒரே நேரத்தில் உட்காருவது என்று பழக்குங்கள் என்றாளாம் அங்கிருந்த நர்ஸ். எல்லாம் சரிதான். ஆனால் தனியாக உட்கார்ந்தால் குரல்கள் மிரட்டும். இரண்டே நிமிஷத்தில் ஓடி வந்துவிடுவார்.

"அதுக்காகத் தாழ்ப்பாளைப் பிடுங்கிட்டு வாசல்ல நிக்கணுமா? யாரோட யோசனை இது?"

"உங்க அண்ணனோடதுதான்" என்றாள் அண்ணி, குரலைத் தணித்து. "சின்ன வயசுல நீ பாத்ரூம்ல தனியா உட்கார பயந்து அழுவியாம். அவரே தாழ்ப்பாளைக் கழட்டிட்டு, நீ வர்ற வரைக்கும் வெளியே நின்னு பேசிட்டே இருப்பாராம். அதனால பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகி தினமும் அடி வாங்குவாராம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'தங்கச்சிக்கு நான் நின்ன மாதிரி, எனக்கு நீ நிப்பியா?'ன்னு கேட்டாரு."