ரெண்டு பேரும் இருக்கணும்

“ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தாத்தான் சார் நான் பையையே திறப்பேன். எங்க கம்பெனி சட்டம் அப்படி” என்று சிரித்தான் டிராவிஸ். வீடு வீடாகப் போய்ச் சூடேற்றும் இயந்திரம் விற்கிறவன். புருஷனிடம் தனியாக விலை சொன்னால் பெண்டாட்டியைக் கேட்கணும் என்பான், பெண்டாட்டியிடம் சொன்னால் அவர் வரட்டும் என்பாள் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன்.

டுவேன் நாற்காலியைப் பெண்டாட்டி நோரீன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். இந்தச் சமையலறையில் அவன் உட்கார்ந்து பதினான்கு மாதம் ஆகிறது.

குடித்துவிட்டு வந்து காரை கராஜ் கதவில் மோதிய அன்றுதான், “போதும், கிளம்பு” என்றாள் நோரீன். அப்போதிருந்து டெய்ட்டனில் தம்பி வீட்டு பேஸ்மென்ட்டில் ஜாகை. குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அதை நாலு தடவை போனில் சொன்னான். நாலு தடவையும் “நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் ஃபர்னஸில் விரிசல் விட்டிருக்கிறது, எரிக்கக் கூடாது என்று கேஸ்காரன் சிவப்புச் சீட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டான், சனிக்கிழமை புதிது விற்கிற ஆள் வருகிறான், நீயும் இருக்கணுமாம் என்றாள். டுவேனுக்கு ‘நீயும் இருக்கணும்’ என்பது மட்டும்தான் காதில் நின்றது. சட்டையை இஸ்திரி போட்டான். துணிமணியைப் பெட்டியில் அடுக்கி வண்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினான்.

டிராவிஸ் படத்தை விரித்தான். “வெளியில ஹீட் பம்ப். குளிர் லேசா இருக்கிற வரைக்கும் வெளிக்காத்துல இருக்கிற சூட்டையே உறிஞ்சி வீட்டுக்குள்ள தள்ளும். ஃபாரன்ஹீட் கணக்குல முப்பத்திரண்டு டிகிரில தண்ணி உறையுதுன்னா, முப்பத்தஞ்சுலயே அது ஒதுங்கிக்கும். பேஸ்மென்ட்டுல கேஸ் ஃபர்னஸ் தானா எரிய ஆரம்பிச்சுடும்.”

“வெறும் ஃபர்னஸ் மட்டும் மாத்தினா விலை குறையுமே?”

“குறையும் சார். அப்புறம் அக்டோபர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் கேஸ் பில்லைப் பாத்து என்னைத் திட்டுவீங்க.”

டுவேன் நோரீனைப் பார்த்தான். “நீயே சொல்லு. மிஷின் விஷயம் உனக்குத்தான் தெரியும்” என்றாள் அவள்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டில் இறங்கி, காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“வெளிப்பெட்டி பனி பிடிச்சு உறைஞ்சுபோச்சுன்னா?”

“தானே உருக்கிக்கும் சார். அப்போ குப்புனு ஆவி கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாம பாத்துக்குங்க.”

“ரெண்டும் சேர்ந்ததே இருக்கட்டும். ஆனா வெளிப்பெட்டியை படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ வைக்காதே. சத்தத்துல தூக்கம் வராது.”

எதிர்ப்பேச்சு இல்லாமல் நோரீன் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதில் டுவேன் வீட்டுக்குள் பாதி குடிவந்தே விட்டான்.

“கடைசியா ஒண்ணு” என்றான் டிராவிஸ். “ராத்திரி எவ்வளவு சூடு வேணும்? அதை வச்சுத்தான் மிஷின் அளவைக் கணக்குப் போடணும்.”

“அறுபது டிகிரி போதும்” என்றான் டுவேன். “நாங்க ரெண்டு பேருமே குளிர்ல தூங்கற ஆளுங்க. இவ டிசம்பர் மாசத்துலயே ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் படுப்பா.”

“எழுபத்திரண்டு போட்டுக்குங்க” என்றாள் நோரீன்.

டுவேன் திரும்பினான். அவள் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு மாதம் தனியாகப் படுத்தவளுக்குக் குளிராமல் என்ன செய்யும்? எல்லாம் நான் செய்த பாவம் என்று நினைத்தான்.

“இவங்க சொல்ற மாதிரியே போடுப்பா” என்றான்.

வீடு இருவர் பேரிலும் இருந்ததால் இரண்டு கையெழுத்து தேவைப்பட்டது. டுவேன் முதலில் போட்டான். பேனாவை நீட்டும்போது விரல் பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அதையும் அவன் கவனித்தான்.

“சண்டை போடாம மிஷின் வாங்கின ஜோடியை இந்த வருஷம் இப்பத்தான் பாக்கறேன் மேடம்” என்று இருவர் கையையும் குலுக்கிவிட்டு டிராவிஸ் கிளம்பினான்.

அவன் வண்டி தெருமுனை திரும்பியது. பெட்டியை எடுத்து வரட்டுமா என்று கேட்க டுவேன் வாயெடுத்தான். வெட்கமாக இருந்தது. வேறு பேச்சில் ஆரம்பித்தான்.

“இருந்தாலும் எழுபத்திரண்டு அநியாயம் நோரீன். நமக்கு வேர்த்துக் கொட்டும். அறுபத்தஞ்சுல முடிச்சுக்கலாமா?”

நோரீன் குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவினாள். துடைத்தாள், கவிழ்த்து வைத்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“கிளென் குளிர் தாங்க மாட்டார், டுவேன்.”