பத்தாம் நம்பர் ஸ்பேனர்

"நிறுத்துங்க! இன்ஜினை நிறுத்துங்க!"

கத்திக்கொண்டே ஓடி வந்தாள் நட்டு. விமானப் பயிற்சிப் பட்டறையில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வருடம், ஒரு சனிக்கிழமைகூட விடாமல் உழைத்துக் கட்டிய குட்டி விமானம் அது. இன்று முதன்முதலாகப் பறக்கப் போகிறது. அதன் மூக்கிலிருந்த காற்றாடி சுழன்றதுமே பிள்ளைகள் விசில் அடித்துக் குதிக்க ஆரம்பித்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெற்றோர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

விமானி அக்கா இன்ஜினை அணைத்தாள். "என்னம்மா ஆச்சு?"

"இப்பத்தான் என் பையைப் பார்த்தேன்க்கா. பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். நேத்து இறக்கைக்குள்ள வேலை பார்த்தேனா... உள்ளேயே விட்டுட்டேனோன்னு..."

"அடிப்பாவி! இப்பத்தானா ஞாபகம் வரணும்?" என்று தலையில் கை வைத்தாள் நட்டுவின் தோழி.

மெக்கானிக்கின் முகம் சிவந்தது. பிள்ளைகளுக்கு வேலை கற்றுத் தந்தவர் அவர். காலையில் இறக்கையைச் சோதித்து, மூடி, கையெழுத்துப் போட்டவரும் அவரே.

"நான் பார்த்துத்தானே மூடினேன்? உள்ள ஒண்ணும் இல்ல. நேரமானா காத்து பலமாயிடும். அப்புறம் இன்னிக்குப் பறந்த மாதிரிதான்!"

நட்டு விமானத்தின் முன்னாலிருந்து நகரவில்லை. "மனசு கேக்கல சார். திறந்து பார்த்துடலாம்."

விமானி அக்கா கீழே குதித்தாள். "மேல போகப்போறது நான். திறங்க."

பிள்ளைகள் பாய்ந்தார்கள். இறக்கைக்கு அடியில் இருந்த மூடிகள் மளமளவென்று கழன்றன. கடைசி மூடியும் கழன்ற நேரத்தில், நட்டுவின் அப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மாடி, இதையா தேடறே? சைக்கிள் சீட் ஆடுதுன்னு உன் பையிலேர்ந்து எடுத்தேன். பாக்கெட்லயே வெச்சு மறந்துட்டேன்!"

அவர் கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. நட்டுவுக்கு நின்ற இடத்திலேயே புதைந்து போகலாம் போலிருந்தது.

"இப்ப திருப்தியா? எல்லாத்தையும் மூடுங்க" என்றார் மெக்கானிக்.

"ஒரு நிமிஷம் சார்." இறக்கைக்குள் தோள்வரை கைவிட்டிருந்த தோழியின் குரல் மாறியிருந்தது. "இங்க ஏதோ சிக்கியிருக்கு."

விமானத்தைத் திருப்புகிற கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்து அவள் மெல்ல உருவி எடுத்தது, ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர்.

சிரிப்பு சட்டென்று நின்றது. விமானி அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

கைப்பிடியில் பொறித்திருந்தது, மெக்கானிக்கின் பெயர்.