நவநீதம் என்றொரு பேர்

'ந' முடிந்து 'வ'வுக்கு ஊசி வந்தபோதே அஷ்வினுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த டாட்டூ கடையில் ஏசி நன்றாகத்தான் ஓடியது. அப்படியும் அவனுக்கு வேர்த்தது.

"அம்மா பேராண்ணா?" என்று கேட்டான் ஊசி பிடித்திருந்த திலீப்.

"இல்ல. கட்டிக்கப் போற பொண்ணு பேரு."

"இந்தக் காலத்துல நவநீதமா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல அஷ்வின் வலியை மறந்தான். கம்பெனி பஸ்ஸில் அவள் கழுத்துக் கார்டில் அந்தப் பேரைப் படித்த நாளிலிருந்து அவன் தேடாத வெப்சைட் கிடையாது. "சமஸ்கிருதம்ணா. புதுசாக் கடைஞ்சு எடுத்த வெண்ணைன்னு அர்த்தம். கிருஷ்ணர் திருடினாரே, அதான்."

ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள், இப்போது யாருமே வைப்பதில்லை என்று ஒரு வெப்சைட் எழுதியிருந்தது. அதில்தான் அஷ்வினுக்கு இன்னும் பெருமை. "ஹரிப்ரியான்னு கூப்ட்டா எங்க லைன்லயே நாலு பேர் திரும்புவாங்க. நவநீதம்னா ஒருத்திதான்."

"மொத்தத்துல கையில வெண்ணைன்னு எழுதிக்கினு இருக்கற," என்றான் கூட வந்திருந்த பாஸ்கர்.

அவன் கேலியை அஷ்வின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேர் விஷயத்தில் வாய் திறக்க பாஸ்கருக்கு ஏது யோக்கியதை? ஸ்ரீசிட்டி கம்பெனியில் சேர்ந்த அன்று இனிஷியலை விரித்து முன்னால் எழுதப்போய், ஐடி கார்டில் 'பிச்சாட்டூர்' என்று ஊர்ப் பேர் மட்டும் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. கம்பெனியில் கார்டில் இருப்பதுதான் பேர். ஜப்பான்கார மேனேஜர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவன் மிஸ்டர் பிச்சாட்டூர்தான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அஷ்வின் அவளிடம் கையைக் காட்டினான். அவள் படித்தாள். துப்பட்டாவை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு புரையேறும்வரை சிரித்தாள்.

"புடிக்கலியா நவநீதம்?"

"ரொம்பப் புடிச்சிருக்குது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நைனா என்னிய அத்த மவனுக்கே குடுத்துடலாம்னு பேசிக்கினு இருக்காரு. ஆவணி வந்தா முடிச்சுடுவாங்க. நீ ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து கேட்டுடு."

"கேட்டா இன்னா பண்ணுவாரு?"

"பொண்ணு கேட்டு வந்த ரெண்டு பேர இதுவரைக்கும் வாசலோட அனுப்பிட்டாரு. நீ வா. முழுக்கை வேணாம், அரைக்கை சட்டை போட்டுக்கினு வா."

அஷ்வின் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். பெண்ணின் பேரைக் கையில் குத்திக்கொண்டு, பெற்றவரிடமே போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதா? ஆனால் போகாவிட்டால் அவள் இல்லை. அதை நினைத்தால் ஊசி வலியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

பாஸ்கர் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னான். "பயப்படாத. அவங்க புத்தூர்தான? கைய ஒடச்சாலும் அங்கியே புத்தூர் கட்டு கட்டிக்கினு வந்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் அந்த வீட்டு வாசலில் அவளுடைய அப்பா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆள் வாட்டசாட்டம். மீசை அதைவிட வாட்டசாட்டம்.

"யாருப்பா?"

"அஷ்வின் சார். ஊரு குடிபாலா. உங்க பொண்ணுகூட வேல செய்றேன்."

"இன்னா விஷயம்?"

வழி நெடுக மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "உங்க பொண்ண எனக்குக் கட்டிக் குடுக்கணும் சார்," என்பது மட்டும் எப்படியோ வெளியே வந்தது. அதோடு சும்மா நின்றிருக்கலாம். நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினான்.

துடைத்துக்கொண்டிருந்த துணியை அவர் கீழே போட்டார். அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"இது அழிஞ்சு பூடுமா?"

"அழியாது சார்."

"வலிச்சுதா?"

பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. "வலிச்சுது சார்."

"அப்புறம் எதுக்குப்பா?"

"எனக்கு இந்தப் பேருதான் சார் சாமி," என்றான் அஷ்வின். குரல் உடைந்துவிட்டது. ஆனது ஆகட்டும் என்று மிச்சத்தையும் சொன்னான். "காலையில எழுந்ததும் இதப் பாத்துட்டுத்தான் சார் மத்த வேல."

அவர் மீசை துடித்தது. பிடித்த கையை விடவில்லை. அடி விழப்போகிறது என்று அஷ்வின் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கன்னிகா," என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அது யார், தங்கச்சியா என்று அஷ்வின் கண்ணைத் திறந்தான். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றது அவள்தான்.

"மாப்ளைக்குக் காபி போடும்மா," என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "நான் பெத்ததுங்க ஒண்ணுகூட எம்பேர இப்டி எழுதிக்கினதில்ல."