ஜெப்சனின் குரல்

கருங்கல் ஊருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் பிற்பகல் வெயில் கீற்றுகளின் வழியே துண்டுதுண்டாக இறங்குகிறது. யானை பாருக்குட்டி பனையோலையை முன்னங்காலில் தட்டி மண் உதறித் தின்கிறாள். பாகன் ரத்தினம் அவள் முதுகில் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சுகிறார். பதினான்கு வருடங்களுக்கு முன் அவரிடம் உதவிப் பாகனாக இருந்த ஜெப்சன், துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவன், ஒரு குலை மட்டி வாழைப்பழத்தோடு வேலியோரம் வந்து நிற்கிறான். “பாருக்குட்டி, என்னைத் தெரியுதா மக்களே?” என்று செல்லமாகக் கேட்கிறான். ஓலை பாதி வாயிலேயே நின்றுவிடுகிறது. காதுகள் அசையவில்லை. அவள் பின்வாங்குகிறாள், சங்கிலி விறைக்கிறது, சிறுநீர் கொட்டி மணலைக் குழைக்கிறது. பிறகு, யாரும் சொல்லாமலே, முன்னங்கால்களை மடக்கி மண்டியிடுகிறாள். இடது முழங்காலில் பழைய தழும்பு வெளுத்துத் தெரிகிறது. அந்தக் கால் மடங்கப் பழகும்வரை ஜெப்சன் எத்தனை நாள் அடித்தான் என்பது ரத்தினத்துக்குத் தெரியும். அன்று அவர் தடுக்கவில்லை. “நான் ஒண்ணும் சொல்லல்லியே அண்ணே” என்கிறான் ஜெப்சன். “பேசாம போயிரு மக்கா” என்கிறார் ரத்தினம். ஜெப்சன் போகவில்லை. குழந்தையிடம் கெஞ்சுவதுபோல, “எழும்பு மக்களே, எழும்பு” என்கிறான். அந்தக் குரலுக்குப் பாருக்குட்டி தலையையும் தாழ்த்தி ஈரமணலில் வைக்கிறாள். ரத்தினம் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் வாயைப் பொத்துகிறார்.