தகடு இல்லாத இடம்

வெல்லம் கரைந்துகொண்டிருந்தது.

கணுக்காலுக்கு மேல் தண்ணீர். படியில் வைத்த அச்சு வெல்லத்துக்கு இப்போது ஓரங்கள் இல்லை. பழுப்பு நூல் ஒன்று அதிலிருந்து பிரிந்து, நெளிந்து, கோயில் குளத்துக்குள் போனது.

மீன்கள் வந்து வெல்லத்தை மோந்து பார்த்தன. பிறகு அவள் கால்விரல்களை.

மேல்படியில் அம்மா. வெயிலுக்கு முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள்.

"அதையே நெனச்சுக்க கண்ணு. வெல்லம் கரையறாப்பல அதும் கரையோணும்னு."

அது.

அம்மா அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. அவளிடமும் பெயர் இல்லை. விலங்கியல் பட்டதாரி. குடும்பத்தில் முதல் பட்டம். தவளையைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி மார்க் வாங்கியவள். தன் உடம்பில் அந்த இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

கட்டியவன்தான் பார்த்தான். கல்யாணமான புதிதில், விளக்கு வெளிச்சத்தில்.

ரவை சிந்தினாற்போல், வெளிறி, சின்னச் சின்னதாய். வலி இல்லை. அரிப்பும் இல்லை.

"எங்கிருந்து ஒட்டிட்டு வந்தே?" என்றான்.

ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் அல்லவா.

மறுநாள் திருப்பூரில் அம்மா ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டான். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் நீட்டினான். "அது போனதும் சொல்லு. வந்து கூட்டிக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் வயிற்றெரிச்சல்.

கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் கண் இருந்தது. கை, கால், வயிறு, பல்வரிசைகூட இருந்தது. எங்கே நோவோ அந்தத் தகட்டை வாங்கி உண்டியலில் போட வேண்டும். அம்மா தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். என்ன வேணும்மா என்று கடைக்காரர் கேட்டார். அம்மா முழுப் பெண்ணாக ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாம் இதுக்குள்ளதான இருக்குது. ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்?"

குளத்துக்குள் கோபுரம் தலைகீழாக நின்றது. பழுப்பு நூல் அதன்மேல் ஏறிக் காணாமல் போனது.

அவள் எதையும் நினைக்கவில்லை. கரைவதற்கு ஒன்றும் இல்லை.

நேற்றே தெரியும். கல்லூரியில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் பிரிவு. பச்சைத் திரை. அண்ணாந்து படுத்திருந்தாள். மின்விசிறி அத்தனை மெதுவாகச் சுற்றியது. கட்டில் மிதந்தது.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"எண்ணெய்ச் சுரப்பிம்மா. நோய் இல்ல. யார்கிட்ட இருந்தும் வரல, யாருக்கும் ஒட்டாது. நெறைய பேருக்கு உதட்டுலயே இருக்கும். மருந்து வேண்டாம். போகாது. போகணும்னும் இல்ல."

அவள் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வலிச்சா, புண்ணானா, ரத்தம் வந்தா, புதுசா ஏதாவது வளர்ந்தா உடனே வா. கூச்சப்பட்டுட்டு வீட்லயே உக்காந்திராத."

அவள் அழுதாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே மாப்பிள்ளைக்குப் போன் போடுவாள். ஒண்ணுமில்லைங்களாம், கூட்டிட்டுப் போயிருங்க என்பாள். திருப்பி அனுப்பிய சேலையில் கறை இல்லை என்று விரித்துக் காட்டுகிற மாதிரி.

கையில் போன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. 'மாமா' என்று வந்தது. கணவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

திரை நிறைய அவன் முகம்.

மேலுதட்டின் ஓரத்தில் வெளிறிய சின்ன மணிகள். திரையில் தெரியாது. பக்கத்தில் போனவளுக்குத் தெரியும். முதல் வாரத்தில் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அழகாகத்தான் இருந்தது.

அந்த உதட்டை அவள் எந்த ஊருக்கும் அனுப்பிவைக்கவில்லை.

"போயிருச்சா?" குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"போகாதுங்க மாமா. அது நோயே இல்லையாம். டாக்டர்கிட்டக் காட்டிட்டேன்."

அவன் மூச்சு விட்டது கேட்டது. சிரித்தான். கல்யாணப் போட்டோவில் சிரித்த அதே சிரிப்பு.

"அட, அப்புறமென்ன! நாளைக்கே வந்து கூட்டிக்கறேன்."

தண்ணீர் சில்லென்றிருந்தது. எங்கோ மணி அடித்து, அந்த ஒலி குளத்தின் மேல் வெகுநேரம் நின்றது.

"நான் யோசிச்சுச் சொல்றனுங்க," என்றாள்.

மேல்படியில் அம்மா எழுந்துவிட்டாள்.

திரையில் அவன் முகம் பாதிச் சிரிப்பில் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதா, அவன்தான் அப்படி நின்றுவிட்டானா, தெரியவில்லை.

அவளுக்கு அவசரமில்லை.