தங்கிப்போன வெளிச்சம்

பழைய தகட்டில் எடுத்த படம் திரைக்கு வந்தது. நுரையீரல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"ஒண்ணுமே இல்லம்மா! ஒன்பது நாளா வீணா வயித்துல புளியைக் கரைச்சிட்டோம்" என்று மறைப்புக்குப் பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார் எக்ஸ்ரேக்காரர்.

அங்கே உடை மாற்றிக்கொண்டிருந்த தையற்காரம்மா ஓவென்று அழுதார். பிறகு, அழுததற்காகச் சிரித்தார்.

எக்ஸ்ரேக்காரர் பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் முன்னால் முதல் படம் எடுத்த புதிய தகடு அவள் செய்தது. அதனால் அந்த மருத்துவமனையில் அவள் பெயரே தகடு மேடம்தான்.

தாமிர அணுக்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டிய ஒரு தூளை அதில் பூசியிருந்தாள். எக்ஸ்ரே பட்டால் அது பச்சையாக ஒளிரும். அந்த ஒளிதான் படமாகும். வழக்கமான கதிரில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஒரே ஒரு குறை. எக்ஸ்ரே நின்றாலும் அந்த வெளிச்சம் உடனே அணையாது. ஐந்து நிமிஷம் மங்கலாகத் தங்கும். அதற்குள் அடுத்தவரை நிறுத்தினால், முன்னவரின் நிழல் பின்னவரின் படத்தில் விழும்.

பாசக்காரத் தகடு, வந்தவங்களை லேசுல விடாது என்று எக்ஸ்ரேக்காரர் கேலி செய்வார்.

ஆனால் அந்த முதல் படம் எடுத்த அன்றைக்குத் தையற்காரம்மாதான் பதிவேட்டில் முதல் ஆள். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. அதனால்தான் வலப்பக்கம் தெரிந்த பட்டாணி அளவுக் கறையை மருத்துவர் நம்பினார். ஒத்துப்பார்க்கப் பழைய தகட்டுக் கருவி பழுது நீங்கி வர ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாளில் தையற்காரம்மா கையிலிருந்த துணியையெல்லாம் தைத்து, உரியவர்களிடம் சேர்த்துவிட்டாராம். புதிதாகத் தைக்க ஒரு துணிகூட வாங்கவில்லையாம்.

அவருக்கு முன்னால் ஓர் ஆள் நின்றதுண்டு. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஒரு வார்த்தை போதும். தொலைபேசியை எடுப்பாள், வைத்துவிடுவாள்.

சொல்லாமல் இருந்ததைக்கூட மன்னித்துவிடலாம். அந்தக் கறை நிஜமாக இருக்கட்டும், அந்த அம்மாவுடையதாகவே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, மகளுக்குத் தலை வாரும்போது. ஆறு வருஷ உழைப்பு வீணாகக் கூடாதே, தகட்டுக்காகத்தானே வேண்டுகிறேன் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசு கேட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

தையற்காரம்மா வெளியே வந்தார். நேரே அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பேறிய விரல்கள்.

"பாவம், என்னால உன் தகட்டுக்குக் கெட்ட பேர் வந்துடுச்சேம்மா. மனசுல வெச்சுக்காத."

அவளால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

தையற்காரம்மா போன பிறகு எக்ஸ்ரேக்காரர் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாகத் திரையில் வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"அது சரி மேடம், அப்போ இது யாரோட நிழல்?"

ஒன்பது நாள் முன், அந்தக் காலையில் தையற்காரம்மா வந்து நிற்பதற்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது, தகடு சரியாக ஒளிர்கிறதா என்று பார்க்க எதிரில் ஓர் உடம்பு வேண்டியிருந்தது. பூட்டிய அறைக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள்.